பதிப்பு மாறினாலும் ஓட வேண்டிய நிரல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: என் கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல், அதே இயங்குதளத்தின் வேறொரு பதிப்பில் ஓட மறுக்கிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

உபுண்டு 22.04 உள்ள என் மடிக்கணினியில் சி மொழியில் ஒரு சரக்குக் கணக்கு நிரலை எழுதி, கம்பைல் செய்து, வாடிக்கையாளரின் உபுண்டு 20.04 சர்வருக்கு அனுப்பினேன். ஓட்டியவுடன் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று பிழைச்செய்தி வருகிறது. அந்தப் பதிப்பில் புதிதாக வந்த எதையும் நான் பயன்படுத்தவில்லை. வணக்கம் என்று மட்டும் அச்சிடும் மூன்று வரி நிரலை அனுப்பினாலும் இதே செய்திதான். என் கணினியிலுள்ள அந்த லைப்ரரிக் கோப்பை எடுத்து அங்கே வைத்துவிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் நீங்கள் அந்தக் கட்டளையைத் தட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன். அந்த ஒரு கோப்பை நம்பித்தான் சர்வரிலுள்ள ஏறக்குறைய எல்லா நிரல்களும் ஓடுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இதே போன்ற அவசரத்தில், அந்தக் கோப்பின் மேல் வேறு பதிப்பை எழுதிவிட்டேன். அடுத்த நொடியிலிருந்து கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடவில்லை, படியெடுக்கும் சிபி ஓடவில்லை. பழைய கோப்பு பக்கத்திலேயே இருந்தும் அதை இடம் மாற்றுவதற்கு ஒரு கட்டளைகூட மிச்சமில்லை. மீட்பு வட்டைப் போட்டு பூட் செய்து சரிசெய்து முடிக்க இரவு முழுவதும் பிடித்தது.

இப்போது உங்கள் பிழைச்செய்திக்கு வருவோம். ஜிலிப்சி என்பது லினக்ஸில் சி நிரல்கள் அழைக்கும் அடிப்படைச் செயற்கூறுகளைக் கொண்ட லைப்ரரி. அதில் உள்ள ஒவ்வொரு செயற்கூறின் மீதும் ஒரு பதிப்புச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு செயற்கூறின் நடத்தை மாற வேண்டி வந்தால், பழையதை நீக்காமல் பழைய சீட்டுடன் அப்படியே வைத்துக்கொண்டு, புதியதைப் புதிய சீட்டுடன் பக்கத்தில் சேர்க்கிறார்கள். நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் படியெடுக்கும் மெம்காப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில் அதற்கு 2.2.5 என்று ஒரு பழைய சீட்டும் 2.14 என்று ஒரு புதிய சீட்டும் உண்டு. பழைய சீட்டைக் கேட்டு வரும் பழைய நிரலுக்கு இன்றும் பழைய செயற்கூறே கிடைக்கிறது. பழைய கணினியில் கட்டிய நிரல் புதிய கணினியில் தடையின்றி ஓடுவது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆனால் இந்த வசதி ஒரு திசையில் மட்டுமே செல்லும். நீங்கள் கம்பைல் செய்யும்போது, நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் உங்கள் கணினியில் இருக்கும் சீட்டுகளில் மிகப் புதியதையே எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்தப் புதுமை தேவையா என்று அது கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 வெளியீட்டில், நிரலின் மெயின் பகுதியை அழைத்துத் தொடக்கி வைக்கும் செயற்கூறுக்கே புதிய சீட்டு ஒட்டப்பட்டது. மெயின் இல்லாத சி நிரல் கிடையாது என்பதால், அதற்குப் பிந்தைய கணினியில் கட்டப்படும் வணக்கம் நிரலும் 2.34 என்ற சீட்டைச் சுமந்துகொண்டுதான் வெளியே வரும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31. உங்கள் நிரல் கேட்பது அங்கே இல்லை. அவ்வளவுதான் நடந்தது, உங்கள் எழுத்தில் பிழை எதுவும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது, ஆதரிக்க வேண்டிய பதிப்புகளிலேயே பழையது எதுவோ அதன் மீது கட்டுவது. அதற்காகப் பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டாம், உபுண்டு 20.04 உள்ள ஒரு டாக்கர் கண்டெய்னருக்குள் (உங்கள் கணினியிலேயே அந்தப் பதிப்பின் கோப்புகளோடு தனித்து ஓடும் சூழலுக்குள்) கம்பைல் செய்தால் போதும். பைத்தான் உலகில் தொகுப்புகளை வெளியிடுபவர்கள் நெடுங்காலமாக இதையே செய்து வருகிறார்கள். மெனிலினக்ஸ் 2014 என்று அவர்கள் வகுத்த அடிப்படை, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வழங்கலின் ஜிலிப்சி 2.17 மீது அமைந்தது. அதில் கட்டியது அதற்குப் பின் வந்த பெரும்பாலான வழங்கல்களில் ஓடுகிறது. ஆனால் தேவைக்கு மேல் பழையதற்குப் போகவும் வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது, அதன் கம்பைலரும் மிகப் பழையது.

கட்டி முடித்த பிறகு, அனுப்புவதற்கு முன், ஆப்ஜ்டம்ப் கட்டளைக்குப் பெரிய எழுத்து டி (T) என்ற விருப்பத்தைக் கொடுத்து உங்கள் நிரல் கேட்கும் சீட்டுகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அதில் இருப்பவற்றுள் பெரிய எண் எதுவோ, அதுவே உங்கள் நிரல் ஓடக்கூடிய மிகப் பழைய ஜிலிப்சி. வாடிக்கையாளரின் திரையில் தெரிய வேண்டிய பிழை உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே வைத்து நிலையாக இணைத்துவிடலாமே என்று அடுத்து எழுதுவீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிலிப்சியை அப்படி இணைத்தாலும், கணினிப் பெயரிலிருந்து முகவரியைக் கண்டறியும் செயற்கூறுகள் ஓடும் நேரத்தில் வெளியிலுள்ள லைப்ரரிகளைத் தேடும். கட்டும்போதே லிங்கர் அதை எச்சரிக்கிறது. நிலையான இணைப்புதான் வேண்டும் என்றால் மசல் என்ற சிறிய லைப்ரரி அந்த வேலைக்குப் பொருத்தமானது.

என் நிரல் தொடங்கும்போது இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைப் படித்து, அதற்கேற்ப வசதிகளைத் திறக்கிறது. விண்டோஸ் 11-இல் அது விண்டோஸ் 8 என்று படிக்கிறது. மேக்ஓஎஸ் 11-இல் 10.16 என்று படிக்கிறது. எண்ணைச் சரியாகப் படிக்கும் முறை எது? (வாசகர், யாழ்ப்பாணம்)

நீங்கள் படித்த இரண்டு எண்களும் தவறாகப் படிக்கப்பட்டவை அல்ல. இயங்குதளங்களே உங்கள் நிரலிடம் அப்படிச் சொல்கின்றன. அப்படிச் சொல்லும் நிலைக்கு அவற்றைத் தள்ளியவர்கள் நிரல் எழுதும் நாம்தான்.

விண்டோஸ் எக்ஸ்பியின் எண் 5.1. அதைப் பார்த்துப் பலர், முதன்மை எண் குறைந்தது 5 ஆகவும் துணை எண் குறைந்தது 1 ஆகவும் இருக்க வேண்டும் என்று சோதனை எழுதினார்கள். பிறகு விஸ்டா 6.0 என்ற எண்ணுடன் வந்தது. துணை எண் சுழியம் என்பதால், எக்ஸ்பியை விடப் புதிய இயங்குதளத்தில் ‘உங்கள் விண்டோஸ் மிகப் பழையது’ என்று அந்த நிரல்கள் நின்றுபோயின. விண்டோஸ் 7 தன் எண்ணை 6.1 என்று வைத்துக்கொண்டதற்கு இத்தகைய நிரல்கள் முறியக் கூடாது என்பதே காரணம். விண்டோஸ் 8.1 முதல், தன்னுடன் வரும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘இந்தப் பதிப்பை நான் அறிவேன்’ என்று அறிவிக்காத நிரலுக்கு, வழக்கமான பதிப்புச் செயற்கூறு 6.2 என்ற எண்ணையே தருகிறது. அது விண்டோஸ் 8-இன் எண். அறிவித்தாலும் விண்டோஸ் 11 தன்னை 10.0 என்றே சொல்லும். 22000 அல்லது அதற்கு மேற்பட்ட பில்டு எண்ணைக் கொண்டுதான் அதைப் பிரித்தறிய முடியும்.

மேக்ஓஎஸ் 11-உம் இதையே செய்கிறது: பழைய எஸ்டிகேயில் (நிரல் கட்டும் கருவித் தொகுப்பில்) கட்டப்பட்ட நிரல்களிடம், 10 என்று தொடங்கும் எண்ணையே அவை எதிர்பார்க்கும் என்பதால், தன்னை 10.16 என்று சொல்லிக்கொள்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2011-இல் 2.6.39-இலிருந்து 3.0-க்குத் தாவியபோது, 2.6 என்ற தொடக்கத்தை எதிர்பார்த்திருந்த நிரல்கள் தடுமாறின, அவற்றுக்காகவே, 2.6.40 என்பது போன்ற எண்ணைக் காட்டும் ஒரு தனி ஏற்பாட்டைக் கெர்னலுக்குள் சேர்க்க வேண்டியதாயிற்று. பதிப்பு எண்களை எழுத்துச் சரங்களாக ஒப்பிடுவது இன்னும் மோசம். அந்தக் கணக்கில் 10.10 என்பது 10.9-ஐ விடச் சிறியது.

எண்ணைச் சரியாகப் படித்துவிட்டாலும், அது உங்களுக்கு வேண்டிய செய்தியைத் தருவதில்லை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இன் கெர்னல் 3.10 என்ற எண்ணைக் கொண்டது. ஓர் அடைவின் மேல் இன்னொன்றை அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஓவர்லே கோப்பு முறைமை பொதுக் கெர்னலில் சேர்ந்தது 3.18-இல். ஆனால் ரெட் ஹேட் நிறுவனம் அதைத் தன் 3.10-க்குள் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. எண்ணைப் பார்க்கும் நிரல், இருக்கும் வசதியை இல்லை என்று முடிவு செய்திருக்கும்.

ஆகவே, எந்தப் பதிப்பு என்று கேட்பதை விட்டுவிட்டு, எனக்கு வேண்டியது இங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். விண்டோஸில் வேண்டிய செயற்கூறின் பெயரைக் கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் தேடினால், அது இருந்தால் முகவரி கிடைக்கும், இல்லாவிட்டால் வெற்று மதிப்பு கிடைக்கும். லினக்ஸில் டிஎல்சிம் அதே வேலையைச் செய்யும். கெர்னல் வசதியானால் அழைத்துப் பார்த்து, வரும் பிழை எண்ணைப் படிக்கலாம். பதிப்பு எண்ணைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள், பிழை அறிக்கை வரும்போது உதவும். அதை வைத்து முடிவு மட்டும் எடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்வது ஓடும் நேரத்துக்குப் பொருந்தும். கம்பைல் செய்யும் நேரத்தில் என்ன செய்வது? எங்கள் நிரலில் ‘லினக்ஸ் ஆனால் இது, ஓபன்பிஎஸ்டி ஆனால் அது’ என்ற நிபந்தனை வரிகள் கோப்புக்குக் கோப்பு பரவிக் கிடக்கின்றன. (வாசகர், சென்னை)

ஒரு சிறிய செயற்கூறின் கதையைச் சொன்னால் உங்கள் நிபந்தனை வரிகளின் நோய் விளங்கும். சரங்களை அளவு தாண்டாமல் படியெடுக்கும் ஸ்டர்எல்காப்பி, 1998-இல் ஓபன்பிஎஸ்டி 2.4-இல் அறிமுகமானது. மற்ற பிஎஸ்டி வகைகளும் மேக்கும் அதை ஏற்றுக்கொண்டன. ஜிலிப்சி கால் நூற்றாண்டு ஏற்கவில்லை. எனவே ஏராளமான நிரல்களில், லினக்ஸ் என்றால் நாமே அதை எழுதிக்கொள்வோம் என்ற நிபந்தனை குடியேறியது. 2023 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்துக்கொண்டது. அன்றுவரை ஓடிய நிரல்களில், தங்கள் கோப்புக்குள் அதே பெயரில் தனிச் செயற்கூறு எழுதியிருந்தவை, ஹெட்டரில் உள்ள அறிவிப்புடன் மோதி கம்பைல் ஆகாமல் நின்றன. லினக்ஸில் அது இல்லை என்பது எழுதிய நாளில் உண்மை. ஆனால் அதை லினக்ஸின் நிரந்தர இயல்பாக நிரலில் பொறித்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது, ஸ்டர்எல்காப்பி இருக்கிறதா என்ற கேள்வி. 1991-இல் தோன்றிய ஆட்டோகான்ஃப் இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே உருவானது: அந்தச் செயற்கூறை அழைக்கும் ஒரு குட்டி நிரலை எழுதி, அதைக் கட்டிப் பார்த்து, கட்ட முடிந்தால் இருக்கிறது என்று ஒரு ஹெட்டர் கோப்பில் குறித்து வைக்கிறது. சிமேக், மெசான் போன்ற பிந்தைய கருவிகளும் இதே வழியில்தான் செல்கின்றன. மாற்றுச் செயற்கூறை எழுதும்போது அதற்கு உங்கள் திட்டத்தின் முன்னொட்டுடன் ஒரு பெயர் வையுங்கள். நாளை இயங்குதளம் அசல் பெயரைக் கொண்டுவந்தாலும் மோதல் வராது. நிரலின் மற்ற பகுதிகள் முன்னொட்டுள்ள பெயரை மட்டும் அழைக்கட்டும். வேறுபாடுகள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கட்டும். நூறு கோப்புகளில் சிதறிய நிபந்தனைகளில், யாரும் கட்டிப் பார்க்காத கிளைகள் ஆண்டுக்கணக்கில் பிழையோடு கிடக்கும்; நான் திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு நிரலில், அரைப்புள்ளி விடுபட்ட வரி ஒன்று யார் கண்ணிலும் படாமல் அப்படித்தான் கிடந்தது.

கட்டும் நேரத்தில் இருப்பது ஓடும் நேரத்திலும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தற்செயல் எண்களைத் தரும் கெட்ரேண்டம் என்ற அழைப்பு, 2014-இல் லினக்ஸ் கெர்னல் 3.17-இல் வந்தது, அதற்கான செயற்கூறு ஜிலிப்சியில் 2017-இல் 2.25 வெளியீட்டில்தான் சேர்ந்தது. புதிய ஜிலிப்சி உள்ள கண்டெய்னரைப் பழைய கெர்னல் உள்ள சர்வரில் ஓட்டினால், செயற்கூறு இருக்கும், கெர்னலில் அழைப்பு இருக்காது. ‘இப்படி ஓர் அழைப்பு இல்லை’ என்ற பிழை எண் திரும்பும். அந்தப் பிழை எண்ணுக்கு மட்டும் கெர்னலே தற்செயல் எண்களைத் தரும் யூரேண்டம் சாதனக் கோப்பைப் படிக்கும் மாற்று வழிக்குச் செல்லுங்கள். வேறு எந்தப் பிழையானாலும் நிரல் நிற்க வேண்டும். மாற்று வழி என்ற பெயரில் கடிகார நேரத்தை விதையாக வைத்துத் தற்செயல் எண் உண்டாக்கும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல்லும் சாவியும் அதிலிருந்து பிறக்கும் என்றால், அந்த நிரல் ஓடாமலிருப்பதே பயனருக்குப் பாதுகாப்பு.

லாங் என்ற மாறி வகை விண்டோஸில் ஒரு அளவும் லினக்ஸில் ஒரு அளவும் காட்டுகிறதே? (வாசகர், திருச்சி)

ஆம். 64-பிட் விண்டோஸில் அது 32 பிட், 64-பிட் லினக்ஸில் 64 பிட். அளவு முக்கியமான இடங்களில், சி99 தந்த அளவு குறிப்பிட்ட வகைகளையே பயன்படுத்துங்கள். பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்டிரக்டை அப்படியே கோப்பில் எழுதாதீர்கள். நேரத்தைக் குறிக்கும் வகையும் இதில் சேரும். அது 32 பிட்டாக இருக்கும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பிவிடும். ஓபன்பிஎஸ்டி 2014-இல் 5.5 வெளியீட்டில் எல்லாக் கணினி வகைகளுக்கும் அதை 64 பிட்டாக்கியது, ஜிலிப்சி 2.34 முதல் 32-பிட் லினக்ஸில் அதைக் கேட்டுப் பெறலாம்.

உபுண்டுவில் பாஷ் கொண்டு எழுதிய ஸ்கிரிப்ட், மேக்கில் பாதியில் நின்றுவிடுகிறது. (வாசகர், மதுரை)

மேக்கில் உடன் வரும் பாஷ், 3.2 பதிப்போடு நிற்கிறது. பெயரைச் சுட்டாகக் கொள்ளும் அணிகள் பாஷ் 4-இல்தான் வந்தன என்பதால் அவை அங்கே இல்லை. கோப்பை அதே இடத்தில் திருத்தும் செட் (sed) கட்டளையின் விருப்பமும் இரண்டிலும் வேறு வேறு: மேக்கில் அதற்குப் பின் காப்புக் கோப்பின் பின்னொட்டைத் தனியே தர வேண்டும், அது வெற்றுச் சரமாக இருந்தாலும். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவது இரண்டிலும் ஓடும். உபுண்டுவிலேயே 2006-இல் வந்த 6.10 முதல் எஸ்ஹெச் என்ற பெயர் பாஷைக் குறிப்பதில்லை, டாஷ் என்ற சிறிய ஷெல்லைக் குறிக்கிறது. பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள். எஸ்ஹெச் என்று எழுதினால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய மேக் ஒன்றில் ‘கொள்முதல்’ என்ற பெயரில் சேமித்த கோப்பை லினக்ஸ் சர்வருக்கு மாற்றினோம். பட்டியலில் அந்தப் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பெயரை நிரலில் கொடுத்துத் திறந்தால் கோப்பு இல்லை என்கிறது. தமிழ்ப் பெயர்களையே தவிர்த்துவிடச் சொல்கிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

தவிர்க்க வேண்டாம். கொள்முதல் கோப்புக்குக் கொள்முதல் என்று பெயர் வைக்கும் உரிமையை நிரல்தான் காப்பாற்றித் தர வேண்டும்.

‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ஒரே குறியாக ஒரு குறியெண்ணில் எழுதுவது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியெண்களாக அடுத்தடுத்து எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வகையில் ‘கொள்முதல்’ ஒன்பது குறியெண்கள், யூடிஎஃப்-8-இல் 27 பைட். இரண்டாம் வகையில் பத்துக் குறியெண்கள், 30 பைட். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பெயரைப் பிரித்தே சேமிக்கும். 2017-இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸின் இஎக்ஸ்டி4, பொதுவாகப் பெயரை வெறும் பைட்டுகளாகவே பார்க்கும். அதற்கு 27-உம் 30-உம் வெவ்வேறு கோப்புகள்.

ஆகவே உங்கள் நிரல், அடைவைப் படித்து வரும் பெயர்களையும் பயனர் கொடுத்த பெயரையும் யூனிகோடின் சேர்ப்பு வடிவமான என்எஃப்சிக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். ஒப்பிட மட்டுமே மாற்றுங்கள். பொருந்திய பிறகு, கோப்பைத் திறக்க அடைவு தந்த அசல் பைட்டுகளையே கொடுங்கள்.

அதே நிரலை விண்டோஸுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஆங்கிலத்துக்கும் பல ஐரோப்பிய மொழிகளுக்கும் இருந்தது போன்ற பழைய எட்டு-பிட் குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) எதையும் விண்டோஸில் தமிழுக்காகக் கணினியின் இயல்பான குறிப்பக்கமாக வைக்க முடிந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோடாகவே நுழைந்தது. அதனால் சி மொழியின் வழக்கமான எஃப்ஓப்பன், கணினியின் பழைய குறிப்பக்கத்தைப் பின்பற்றும் இயல்பான அமைப்பில், தமிழ்ப் பெயரைத் திறக்காது. பழைய வகைச் செயற்கூறுகள் பெயரைப் படித்துத் தந்தால் தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகளே வரும். எஃப்ஓப்பனுக்குப் பதிலாக, யூனிகோடை 16-பிட் அலகுகளாக, அதாவது அகல எழுத்துகளாக, ஏற்கும் அதன் இணையைப் பயன்படுத்துங்கள். அது இன்று புழங்கும் எல்லாப் பதிப்புகளிலும் ஓடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், மேனிஃபெஸ்டில் ஒரு வரி சேர்த்து உங்கள் நிரலின் குறிப்பக்கத்தையே யூடிஎஃப்-8 ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முந்தைய பதிப்பு அந்த வரியைப் பொருட்படுத்தாமல் நிரலை ஓடவிட்டுவிடும். ஆகவே தொடக்கத்தில் நடப்புக் குறிப்பக்கத்தைக் கேட்டு, 65001 என்ற எண் வராவிட்டால் அகல எழுத்து வழிக்குச் செல்லும்படி எழுதுங்கள்.